பினின்ஃபரினா எக்ஸ் (1960): சக்கரங்களைச் சாய்சதுரமாக வைத்த கார் பாதுகாப்பானதா?

#1 நீர்த்துளி

1960இல் இத்தாலியின் டூரின் மோட்டார் கண்காட்சியில் பினின் ஃபரினா என்ற கார் வடிவமைப்பு நிறுவனம் வைத்த ‘எக்ஸ்’ காருக்குத் தனி இழை ஒன்று வேண்டும். காற்றியக்கவியல் பேச்சு வரும்போதெல்லாம் அதன் படம் தலைகாட்டுகிறது. வால் சிறகுகளைப் பார்த்து நாலு பேர் வியக்கிறார்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தக் கார் எழுப்பிய கேள்விக்கு யாரும் சரியாக முகம் கொடுப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்னால் நட்டநடுவே ஒரு சக்கரம், இடுப்பில் இரு பக்கமும் ஒவ்வொன்று, வாலில் ஒன்று. மேலிருந்து பார்த்தால் நான்கும் சாய்சதுரமாக நிற்கும். முன்சக்கரம் திருப்பும், பின்சக்கரம் தள்ளும். ஃபியட் 1100 காரின் 1089 சிசி எஞ்சின் பின்பகுதியில் இருக்கிறது. வடிவத்துக்குப் பின்னால் இருந்தது டூரின் பாலிடெக்னிக் பேராசிரியர் ஆல்பெர்டோ மொரெல்லியின் ஆய்வு. காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் இழுவைக் குணகம் 0.20; குறையக் குறைய நல்லது. அன்றைய சாதாரணக் கார்கள் 0.45ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தன.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. முகப்புப் பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைப் பிளந்து செல்ல மட்டும் 0.45 குணகம் கொண்ட காருக்கு ஏறத்தாழ 11.6 கிலோவாட் வேண்டும். 0.20க்கு 5.1 போதும். 130 கி.மீ. வேகத்தில் அது 25.4, 11.3 என்று ஆகிறது. நாற்பது சொச்சம் குதிரைத்திறன் கொண்ட சின்ன எஞ்சினுக்கு இது எத்தனை பெரிய விடுதலை!

சக்கரங்களை அப்படி வைத்தது வேடிக்கைக்காக அல்ல. காற்று விரும்பும் உடல் முன்னால் உருண்டு, நடுவில் அகன்று, பின்னால் நீளமாகக் குறுகும். அந்தக் குறுகிய வாலில் இரண்டு சக்கரங்களை அகலமாக மாட்டினால் வடிவம் கெட்டுவிடும். உடல் எங்கே அகலமோ அங்கே இரண்டு, எங்கே குறுகலோ அங்கே ஒன்று என்று வைத்தால் உடலை வெட்ட வேண்டியதில்லை. இவ்வளவு நேர்மையான காரணத்தோடு சக்கரம் வைத்த கார் வேறு எது?

என் வாதம் இதோடு நிற்கவில்லை. எக்ஸ் காற்றுக்கு மட்டுமல்ல, மோதலுக்கும் நல்ல வடிவம் என்று நினைக்கிறேன். முகப்பின் மூலைகளில் சக்கரமே கிடையாது. எதிரே வருவது ஓரமாக மோதினால் சரிந்த பக்கத்தில் வழுக்கி விலகிப்போகும். மூலைச் சக்கரம் மாட்டிக்கொண்டு வண்டியைச் சுழற்றும் ஆபத்து இல்லை. அப்படியிருக்க, இந்த அமைப்பை ஏன் எல்லோரும் கைவிட்டார்கள்? பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

#2 தகரவேலை

நண்பர் நீர்த்துளி, ஓர மோதலில் வழுக்கி விலகும் என்பதில் உண்மை இருக்கிறது. வண்டியின் அகலத்தில் கால் பங்கை மட்டும் தடுப்பில் மோதவிடும் சோதனையை அமெரிக்காவின் ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு 2012இல் கொண்டுவந்தது, மணிக்கு 64 கி.மீ. வேகத்தில். அதில் சில கார்கள் தடுப்பைத் தேய்த்துக்கொண்டு நழுவுகின்றன. நழுவினால் வேகத்தில் ஒரு பகுதி வண்டியிலேயே மிஞ்சும், பயணிகளின் மேல் விழும் அடி அந்த அளவுக்குக் குறையும்.

ஆனால் நேருக்கு நேர் மோதல்? அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மோதிய கார்களின் முன்பகுதியைப் பிரித்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. நன்றாக வடிவமைத்த வண்டியில் பம்பருக்குப் பின்னால் இரு பக்கமும் ஓடும் நீள்சட்டங்கள் விசிறி மடிப்பாக, மடிப்பின் மேல் மடிப்பாக, ஒரே சீராகச் சுருங்கியிருக்கும். பெயிண்ட் ஒவ்வொரு மடிப்பின் வெளிவிளிம்பிலும் உரிந்திருக்கும், உள்விளிம்பில் அப்படியே இருக்கும். எந்த மடிப்பு முதலில் விழுந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். அந்த மடிப்புகள்தாம் உயிர் காத்தவை.

சக்கரமோ மடியாது. ரிம், ஹப், பிரேக், அதைத் தாங்கும் வார்ப்பு எல்லாம் கெட்டியான ஒரே கட்டி. சாதாரணக் காரில் அந்தக் கட்டி ஓரத்தில் இருக்கிறது, நடுவே நசுங்குவதற்கு இடம் இருக்கிறது. எக்ஸில் கட்டி நட்டநடுவே இருக்கிறது. நேராக மோதினால் அது மொத்தமாகப் பின்னால் தள்ளப்பட்டு ஓட்டுநரின் கால்களை நோக்கி வரும். அதைத் தடுக்க மூக்கை நீட்ட வேண்டும். நீட்டினால் எடை, திருப்புவதில் சிரமம்.

#3 இயக்கவியல் வாத்தியார்

நல்ல இழை. மோதிய பிறகு என்ன ஆகும் என்று இருவரும் பேசுகிறீர்கள். மோதாமல் தப்பிக்கப் பார்க்கும் அந்த ஒன்றரை வினாடியைப் பற்றி நான் பேசுகிறேன்.

நான்கு சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். அதுதான் வண்டி நிற்கும் தளம். சாதாரணக் காரில் அது செவ்வகம், எக்ஸில் சாய்சதுரம். வண்டியின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளிதான் நிறைமையம். பிரேக் போட்டால் அதன் வழியாகப் போகும் விசைக்கோடு தரையைத் தொடும் இடம் முன்னால் நகரும். திருப்பினால் வெளிப்பக்கமாக நகரும். அந்த இடம் தளத்துக்குள் இருக்கும்வரை வண்டி கவிழாது.

வெறும் திருப்பம் என்றால் இரண்டுக்கும் ஒரே வரம்புதான். நடுச் சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர், நிறைமையத்தின் உயரம் 0.5 மீட்டர் என்று கொள்ளுங்கள். 0.7ஐ 0.5ஆல் வகுத்தால் 1.4, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தின் 1.4 மடங்கு வரை தாங்கும். இனிமேல் சுருக்கமாக 1.4 ஜி.

இப்போது பிரேக்கையும் திருப்பத்தையும் சேருங்கள். குழந்தை ஒன்று சாலையில் ஓடிவந்தால் எந்த ஓட்டுநரும் இரண்டையும் ஒருசேரத்தான் செய்வார். செவ்வகத்தின் மூலை அந்தச் சாய்ந்த திசையில்தான் இருக்கிறது, தளம் அங்கே தாராளமாக விரிந்திருக்கிறது. சாய்சதுரத்துக்கு மூலைகள் முன்னும் பின்னும் இடமும் வலமுமாக இருக்கின்றன. இடைப்பட்ட திசையில் அது ஒடுங்கிப்போகிறது. மேசையின் கால்களை நான்கு மூலைகளில் வைக்காமல் நான்கு விளிம்புகளின் நடுவில் வைத்துவிட்டு, மூலையில் கை ஊன்றிப் பாருங்கள். அதே கதைதான்.

எண்ணாகச் சொன்னால்: முன்சக்கரம் நிறைமையத்திலிருந்து 1.3 மீட்டர் முன்னால் இருக்கிறது, 0.6 ஜி அளவு பிரேக் போடுகிறோம். விசைக்கோடு தொடும் இடம் 0.3 மீட்டர் முன்னேறும். பக்கவாட்டு வரம்பில் 23 விழுக்காடு அதிலேயே கரைந்துவிடும். 1.4 ஜி இப்போது 1.08. சாதாரணக் காருக்கு அதே பிரேக்கிலும் 1.4 அப்படியே இருக்கும்.

ஆக, உயிர் தப்ப எந்தத் திசையில் வலு வேண்டுமோ அந்தத் திசையில்தான் சாய்சதுரம் மெலிந்திருக்கிறது. இதைப் பழக்கத்தின் பேரில் தள்ளிவிட முடியாது, நீர்த்துளி.

#4 நீர்த்துளி

ஐயா, கணக்குத் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் விடமாட்டேன். உலர்ந்த சாலையில் நல்ல டயரின் பிடிப்பு 0.9 ஜி என்று வையுங்கள். அதில் 0.6 பிரேக்குக்குப் போனால் திருப்பத்துக்கு மிஞ்சுவது 0.67தான். உங்கள் வரம்போ 1.08. டயர் வழுக்கிய பிறகுதானே கவிழ்வதைப் பற்றிப் பேச்சு? சமதளத்தில் எக்ஸ் கவிழவே கவிழாது.

#5 இயக்கவியல் வாத்தியார்

சமதளத்தில், ஆம். ஆனால் கார்கள் பெரும்பாலும் சமதளத்தில் வழுக்கிக்கொண்டே கவிழ்வதில்லை. பக்கவாட்டாக வழுக்கிப்போய், நடைபாதை விளிம்பிலோ சாலையோர மென்மண்ணிலோ சக்கரம் தடுக்கி உருள்கின்றன. தடுக்கிய கணத்தில் டயரின் பிடிப்பு வரம்பு பொருளிழந்துவிடும், தளத்தின் அகலம் ஒன்றுதான் கணக்கு. அப்போது 1.4 எங்கே, 1.08 எங்கே! இதுவும் நிறைமையம் இவ்வளவு தாழ்ந்திருந்தால்தான். நான்கு பேர் ஏறி, மேலே சாமான் கட்டி, உயரம் 0.6 ஆனால் வரம்பு 0.84க்கு இறங்கிவிடும். தொடங்கிய 1.4இல் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது, பாருங்கள்.

#6 பழைய பைண்டு

வாத்தியார் ஐயா கணக்கால் சொன்னதற்கு வரலாற்றிலும் சாட்சி இருக்கிறது. அடுத்த ஆண்டே, 1961இல், அதே நிறுவனம் அதே கண்காட்சியில் ‘ஒய்’ என்ற காரை வைத்தது. ஃபியட் 600ஐ அடிப்படையாகக் கொண்டது. உடல் எக்ஸின் தங்கை. ஆனால் சக்கரங்கள் நான்கும் வழக்கமான இடத்துக்குத் திரும்பிவிட்டன. வடிவத்தை வைத்துக்கொண்டார்கள், சாய்சதுரத்தை விட்டுவிட்டார்கள்.

சாய்சதுரம் அவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. 1901இலேயே இங்கிலாந்தில் சன்பீம் மேப்லி என்ற சிறுவண்டி இப்படித்தான் நான்கு சக்கரங்களோடு வந்தது. பயணிகள் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார வேண்டும்! சில ஆண்டுகளில் ஓய்ந்துபோனது.

விசித்திரமான சக்கர அமைப்பும் காற்றுக்கு ஏற்ற உடலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு சாட்சி அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் டைமாக்சியன் கார். 1933. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, அந்தப் பின்சக்கரம்தான் திருப்பும். மூன்றே வண்டிகள் செய்தார்கள். முதல் வண்டி அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவில் இன்னொரு காரோடு மோதி உருண்டது. ஓட்டுநர் உயிரிழந்தார். மோதியது மற்ற கார் என்று ஆதரவாளர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் பக்கக் காற்றடித்தால் அந்த வண்டி அடங்காது என்பதை ஃபுல்லரே அறிந்திருந்தார்.

பினின்ஃபரினாவின் மனம் பாதுகாப்பிலிருந்து விலகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1963இல் சிக்மா என்ற மாதிரியைக் காட்டினார்கள், இத்தாலிய மோட்டார் இதழ் குவாத்ரோரூத்தேயின் துணையோடு. பயணிகளைச் சுற்றிக் கெட்டியான கூடு, முன்னும் பின்னும் நசுங்கும் பகுதி, விபத்தில் சட்டென்று திறந்துகொள்ளாத சறுக்குக் கதவுகள். 1969இல் பந்தயக் காருக்கே சிக்மா கிராண்ட் பிரி. 2004இல் பாரிஸ் கண்காட்சியில் நீடோ: வெளிக்கூட்டுக்குள் இருக்கைகளோடு ஓர் உள்கூடு தண்டவாளத்தில் சறுக்கும், இடையிலுள்ள தேன்கூட்டு அமைப்பு நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். எக்ஸ் வெளிவடிவத்தில் தேடிய பாதுகாப்பை இவை மூன்றும் உள்ளே தேடின. 1959ஐ நினைத்துப் பாருங்கள். பேலா பாரென்யியின் நசுங்கு பகுதி மெர்சிடிஸின் டபிள்யூ111 காரில் ஏறிய ஆண்டு அது. நில்ஸ் போலின் வால்வோவுக்காக மூன்று புள்ளி சீட் பெல்ட்டைக் கொடுத்ததும் அதே ஆண்டு. எக்ஸ் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. பாதுகாப்பு எங்கே கிடைக்கும் என்பதற்கான விடை ஏற்கெனவே வேறு நாடுகளில் வெளியாகியிருந்தது.

#7 காற்றுச்சுரங்கம்

வந்தேன். சக்கரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அந்த வால் சிறகுகளை எல்லோரும் அலங்காரம் என்று ஒதுக்குவது எனக்குத் தாங்கவில்லை.

காற்றை மிக மென்மையாக வழிவிட்டுச் செல்லும் உடலுக்கு ஒரு தீராத நோய் உண்டு. பக்கத்திலிருந்து காற்று அடித்தால் அதன் விசை முன்பகுதியில் குவியும், மூக்கைத் தள்ளித் திருப்பும். நிறைமையம் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு மோசமாகத் திருப்பும். எக்ஸின் எஞ்சின் எங்கே? பின்னால். நோய் இரட்டிப்பு. அந்த இரண்டு சிறகுகள்தாம் மருந்து. காற்றுவிசையின் மையத்தைப் பின்னுக்கு இழுத்து வண்டியை நேராக்குகின்றன. 1939இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஷ்லோர் செய்த கார் 0.186 வரை இறங்கியது. சிறகு இல்லை, பின் எஞ்சினுள்ள மெர்சிடிஸ் 170எச் அடிச்சட்டம். பக்கக் காற்றில் அது தத்தளித்தது. அகலமும் 2.1 மீட்டர்!

இன்னொன்று, நீர்த்துளி. உங்கள் பெயரையே கொண்ட அந்த வடிவத்தின் வாலைப் பற்றி. மாதிரியின் உடலெங்கும் விரல் நீளத்துக்கு நூல் துணுக்குகளை ஒட்டிக் காற்றைத் திறந்துவிடுவோம். முகப்பிலும் கூரையிலும் நூல்கள் உடலோடு படிந்து, கோடு போட்டதுபோல் நேராக நிற்கும். பின்பக்கச் சரிவு சற்றுக் கூடுதலாகிவிட்டால் ஓரிடத்தில் நூல் நடுங்கத் தொடங்கும். அதற்கடுத்தது எழும்பி நிற்கும். அதற்கும் அடுத்தது திரும்பிக்கொண்டு மூக்கை நோக்கிப் படுக்கும். காற்று அங்கே உடலை விட்டுப் பிரிந்துவிட்டது, பின்னோக்கிச் சுழல்கிறது என்று அர்த்தம். இழுவையின் பெரும்பகுதி அந்தச் சுழலில்தான் பிறக்கிறது. முகப்பை எவ்வளவு கூராக்கினாலும் பின்பக்கம் கெட்டால் பயனில்லை.

காற்று பிரியாமல் இருக்கச் சரிவு பத்துப் பன்னிரண்டு பாகைக்குள் இருக்க வேண்டும் என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். 1.6 மீட்டர் அகலமுள்ள உடல் பக்கத்துக்கு 12 பாகையாகக் குறுகி ஒரு முனையில் முடிய வேண்டும் என்றால் வாலின் நீளம் மட்டும் கிட்டத்தட்ட 3.8 மீட்டர். யார் அந்த வாலை நிறுத்த இடம் தேடுவது? ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் 1930களிலேயே இதற்கு வழி சொன்னார்: நன்றாகக் குறுக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் சட்டென்று வெட்டிவிடுங்கள். முழு வாலின் நன்மையில் பெரும்பகுதி கிடைத்துவிடும். வாலை வெட்டிவிட்டால் பின்பக்கம் இரண்டு சக்கரங்களுக்கு இடம் வந்துவிடுகிறது. சாய்சதுரத்தின் தேவையே அதோடு கரைந்துவிட்டது.

முழுக்கக் கரையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிட்ரோயன் டிஎஸ் காரில், 1955இலேயே, முன்சக்கரங்களுக்கு இடையே 1500 மி.மீ., பின்னால் 1300. ஜெனரல் மோட்டார்ஸின் இவி1, முதல் ஹோண்டா இன்சைட், ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1, 2022இல் வந்த மெர்சிடிஸ் இக்யூஎக்ஸ்எக்ஸ் எல்லாவற்றிலும் பின்தடம் (பின்சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம்) முன்தடத்தைவிடக் குறுகல். எக்ஸ்எல்1இன் குணகம் 0.19, இக்யூஎக்ஸ்எக்ஸின் குணகம் 0.17. எக்ஸ் முழுதாகப் போன தூரத்தில் இவை பாதி தூரம் போய் நின்றன. பின்பக்கத்தை மட்டும் குறுக்கினார்கள், முன்பக்கத்தைத் தொடவில்லை. எக்ஸின் வாரிசுகள் யார் என்று கேட்டால் இவற்றைத்தான் காட்டுவேன்.

#8 இறுதியாண்டு

எல்லோருக்கும் வணக்கம். இயந்திரப் பொறியியல் மாணவி. இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். ஒரு கேள்வி, தவறாக எண்ண வேண்டாம்.

1960இல் எஞ்சின் உயரமாக, கனமாக, பின்னால் இருந்தது. மின்சாரக் காரில் மின்கலம் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. சக்கரத்துக்கு ஒரு மோட்டார் வைக்கலாம். வழுக்கும்போது கணினி தனித்தனியாக பிரேக் போடுகிறது. சாய்சதுரத்தின் நோய்களெல்லாம் அந்தக் காலத்துப் பொருள்களின் நோய்கள்தானே? என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இதன் சிறிய மாதிரியைச் செய்யலாம் என்று ஆசை. வழிகாட்டி ‘இது பயனற்ற வேலை’ என்கிறார். உண்மையிலேயே பயனற்றதா?

#9 இயக்கவியல் வாத்தியார்

பயனற்றதே இல்லை, அம்மா. கேட்கத் தகுந்த கேள்வி. உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

கவிழ்வதைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. மின்கலத்தால் நிறைமையம் 0.4 மீட்டருக்கு இறங்கினால், 0.6 ஜி பிரேக்கிலும் பக்கவாட்டு வரம்பு 1.43. பழைய சாதாரணக் கார் பிரேக்கே போடாமல் பெற்ற வரம்பு அது. அந்த நோய் குணமாகிவிட்டது என்றே சொல்வேன்.

பிரேக்கும் மோசமில்லை, எனக்கே வியப்பாக இருந்தது. எடையில் 20 விழுக்காடு முன்சக்கரத்தில், நடுவில் பக்கத்துக்கு 30, பின்னால் 20 என்று சஸ்பென்ஷனை அமைப்போம். 0.8 ஜி அளவு அழுத்தி பிரேக் போட்டால் எடையில் சுமார் 12 விழுக்காடு பின்னிருந்து முன்னுக்கு மாறும். முன்சக்கரம் 32, நடுச் சக்கரங்கள் 30, 30, பின்சக்கரம் 8. சாதாரணக் காரின் ஒரு முன் டயர் அதே பிரேக்கில் 31 சுமக்கும். ஆக, ஒற்றைச் சக்கரம் நசுங்கிப்போகும் என்ற பயம் வீண்.

குணமாகாத நோய் வேறு. வண்டியின் மூக்கைத் திருப்புவதற்கான பலம். சாதாரணக் காரில் முன் டயர்கள் எடையில் பாதியைச் சுமக்கின்றன, அந்தப் பாதிக்குரிய பிடிப்பு முழுவதும் மூக்கைத் திருப்பக் கிடைக்கிறது. சாய்சதுரத்தில் முன்னால் 20தான். நடுச் சக்கரங்கள் நிறைமையத்துக்கு நேர் பக்கத்தில் இருப்பதால், எவ்வளவு பிடித்தாலும் வண்டியைப் பக்கமாகத் தள்ளுமே தவிர மூக்கைத் திருப்பாது. நிறைமையத்திலிருந்து சக்கரம் வரையுள்ள தூரம், அதாவது நெம்புநீளம், இரண்டுக்கும் ஒன்றே என்று கொண்டால் திருப்பும் பலம் ஐந்தில் இரண்டு பங்குதான். வால் வழுக்கினால் பிடித்து நிறுத்தும் பலமும் அதே அளவு. ஈரச் சாலையில் வால் ஒதுங்கத் தொடங்கிய வண்டியை மீட்க இது போதாது.

கணினி உதவுமா? 1995இல் போஷும் மெர்சிடிஸும் கொண்டுவந்த நிலைப்புக் கட்டுப்பாடு, ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு வண்டியைத் திருப்புகிறது. அதற்குப் பக்கவாட்டுத் தூரம் வேண்டும். உங்கள் வண்டியில் அந்தத் தூரம் நடுச் சக்கரங்கள் இரண்டுக்குத்தான் இருக்கிறது, முன்னும் பின்னும் மையக்கோட்டில் நிற்பதால் உதவாது. நான்கு கருவிகள் இரண்டாகிவிடுகின்றன. ஆனால் அந்த இரண்டும் எடையில் 60 விழுக்காட்டைச் சுமக்கின்றன, மோட்டாரும் இருந்தால் ஒன்றைத் தள்ளி இன்னொன்றை இழுக்கலாம். ஈடுகட்டுமா என்பதுதான் ஆராயத் தக்க இடம். உங்கள் வழிகாட்டியிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

#10 24 மணி நேரம்

மூக்குப் பக்கம் எடை குறைந்தால் வண்டி திரும்பாது என்பதற்கு ஒரு மறுப்பு. பிரான்சின் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் 2012இல் ஓடிய டெல்டாவிங் காரை யாரும் குறிப்பிடவில்லையே! பென் பவுல்பி வடிவமைத்தது. முன்சக்கரங்கள் இரண்டும் ஒட்டி ஒட்டி, ஏறத்தாழ ஒற்றைச் சக்கரம்போல. முன்னால் எடையில் கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ‘இது திரும்பவே திரும்பாது’ என்று சொல்லாத ஆளில்லை. அழகாகத் திரும்பியது. லெ மானில் இன்னொரு கார் இடித்துத் தள்ளியதால்தான் வெளியேறியது. அதே ஆண்டு அமெரிக்காவின் பெட்டி லெ மான் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக ஐந்தாவது இடம்.

#11 இயக்கவியல் வாத்தியார்

அருமையான எடுத்துக்காட்டு. ஆனால் அதன் நிறைமையம் எங்கே என்று பாருங்கள். எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. முன்சக்கரங்கள் நிறைமையத்திலிருந்து வெகுதூரம் முன்னால் இருக்கின்றன. எடை குறைவு, நெம்புநீளம் அதிகம், பெருக்கினால் சமன். சாய்சதுரத்தில் அந்த நீளம் கிடைக்காது, ஏனென்றால் நிறைமையம் நடுச் சக்கரங்களின் அருகே இருந்தாக வேண்டும்.

பெட்டி லெ மான் வாரத்தில் பயிற்சியின்போது அதே டெல்டாவிங் இன்னொரு கார் இடித்து உருண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டியவர் தப்பினார். அகலமான பின்தளம் இருந்தும் முன்னால் தளம் ஒடுங்கியிருந்தது.

#12 தகரவேலை

எனக்கு இன்னும் இரண்டு உறுத்தல். முன் டயர் வெடித்தால்? சாதாரண வண்டியில் ஒன்று போனாலும் மற்றொன்று திருப்பிக் கொடுக்கும், ஓரம் கட்டிவிடலாம். இதில் திருப்பும் சக்கரம் ஒன்றே ஒன்று.

அடுத்தது பள்ளம். சாதாரணக் காரில் நடுவே வரும் கல்லையோ குழியையோ இரு சக்கரங்களுக்கும் இடையே விட்டுவிட்டுப் போகலாம். இதில் இடமும் வலமும் நடுவும் என்று மூன்று தடங்கள், எதை எங்கே விடுவது?

#13 காற்றுச்சுரங்கம்

தகரவேலை அண்ணன் சொன்ன மூன்று தடங்கள் காற்றுக்கும் தலைவலிதான். சுழலும் சக்கரமும் அதன் குழியும் இழுவையில் கணிசமான பங்கை வாங்கிக்கொள்கின்றன. சாதாரணக் காரில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் சுழலுக்குள் ஓரளவு மறைந்து ஓடுகிறது. சாய்சதுரத்தில் நடுச் சக்கரங்கள் இரண்டும் கலையாத காற்றை நேராக வாங்குகின்றன. இவ்வளவுக்கும் பிறகு 0.20 வந்தது என்றால் மொரெல்லியின் உடல் எவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டும்! அவரும் பினின்ஃபரினாவும் இத்தாலிய ஆய்வு மன்றமான சிஎன்ஆருக்காக 1978இல் காட்டிய மாதிரியில் சக்கரங்கள் வழக்கமான மூலைகளில் இருந்தன, குணகம் 0.20க்கும் வெகு கீழே போய்விட்டது. தரைக்கு அருகில் ஓடும் உடலின் நடுக்கோட்டையே வளைத்து அதைச் சாதித்தார்கள். காற்று கேட்டது அந்த வளைவைத்தான். சக்கரத்தை இடம் மாற்றச் சொல்லவில்லை.

#14 நீர்த்துளி

எல்லோருக்கும் நன்றி. ‘பழக்கத்தைத் தவிர வேறு காரணம் உண்டா’ என்று கேட்டிருந்தேன், அள்ளிக் கொடுத்துவிட்டீர்கள். ஆனாலும் எக்ஸின் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. வடிவத்துக்காகச் சக்கரத்தையே நகர்த்தத் துணிந்து, ஒரு வண்டியை முழுதாகச் செய்து, அடுத்த ஆண்டே அதிலிருந்து எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுத்தார்களே, அந்த வேகம் இன்றைய கண்காட்சி மாதிரிகளில் எனக்குத் தெரியவில்லை. பல மாதிரிகளுக்கு உள்ளே எஞ்சினே கிடையாது.

இறுதியாண்டு, நீங்கள் மாதிரியைச் செய்யத்தான் வேண்டும். வழிகாட்டி மறுத்தால் இந்த இழையை அவரிடம் காட்டுங்கள்.

#15 இறுதியாண்டு

காட்டிவிட்டேன்! நடுச் சக்கர மோட்டார்களால் திருப்பும் பலத்தை ஈடுகட்ட முடியுமா என்ற கேள்வியோடு போனேன். ஒப்புக்கொண்டார். ஆனால் முதலில் கவிழும் வரம்பைச் சோதனையில் காட்டினால்தான் அடுத்த கட்டம் என்கிறார். ஓடாத, வெறும் எடை மாதிரி போதுமாம். சாய்மேசை ஒன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. மாதிரியை எப்படி நிறுத்துவது, ஐயா? பக்கவாட்டாகவா?

#16 இயக்கவியல் வாத்தியார்

இரண்டு விதமாக நிறுத்துங்கள். முதலில் வழக்கம்போல, வண்டியின் நீளவாக்கு சாய்வுக்குக் குறுக்காக இருக்கட்டும். நிறைமையத்திலிருந்து தளத்தின் மூலை 0.7 மீட்டர், உயரம் 0.5 என்ற விகிதத்தில் மாதிரியைச் செய்தால் 54 பாகையைத் தாண்டியதும் கவிழும். பிறகு மூக்கு 28 பாகை கீழ்நோக்கி வருமாறு திருப்பி நிறுத்துங்கள். முன்சக்கரத்தையும் நடுச் சக்கரத்தையும் இணைக்கும் விளிம்பு அப்போது சாய்வுக்குச் சரியாகக் குறுக்கே வரும். தூரம் 0.62 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும், 51 பாகையிலேயே கவிழ வேண்டும். அதே எடையில் செவ்வக மாதிரி ஒன்றையும் செய்து அதே 28 பாகையில் வையுங்கள், அது இன்னும் நிற்கும்.

டயர் வழுக்காமல் இருக்கச் சக்கரங்களின் கீழ்ப்பக்கத்தில் சிறு தடைச்சட்டம் ஒட்டுங்கள். ஸ்பிரிங்குகளை முதல் சோதனையில் பூட்டிவிடுங்கள், இரண்டாவதில் திறந்துவிடுங்கள். உடல் சாய்ந்து நிறைமையம் நகர்வதால் இரண்டுக்கும் விடை வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தனிப் பட்டியலாக எழுதி இங்கே போடுங்கள்.